செடி தேடிச் சென்ற மலைவழியும் குறிப்புச் சீட்டும்

தேனி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் குடியானவர்களுக்கு எப்பக்கம் திரும்பினும் மலையே தென்படும். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலைகளும், வடக்கே பழனிமலைத் தொடர். இவற்றினிடையே கிடக்கும் பள்ளத்தாக்கில் 1895-ம் வருஷம் முதல் பெரியாற்று நீர் பாய்கிறது. இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அதனால் பாசனம் பெறுகிறது. மலையிலிருந்து இறங்கும் நீரின் அருமையை இப்பக்கத்தாருக்கு ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. ஆனால் அம்மலையிலும், அதன் அடிவாரத்து வேலிகளிலும், கண்மாய்க் கரைகளிலும் நிற்கின்ற செடிகளின் அருமை அவ்வளவாக அறியப்பட்டதன்று. அவற்றை முற்காலத்தில் தேடிச் சேகரித்தவர்கள் எவ்வாறு சென்றனர், அவர்களுடைய சேகரத்தில் எது பயன்பட்டது, எது பயன் குன்றியது, அதிலிருந்து நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் கற்றுக்கொள்ளத்தக்கது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

காட்டுச்செடியைத் தேடி அலைவது வேலையற்றவர் வேலை என்று நினைப்போர் உண்டு. அவர்கள் முதலில் கரும்பை எடுத்துக்கொள்ளட்டும். ஓடைக்கரைகளில் பேய்க்கரும்பு என்றொரு புல் உண்டு. அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. 1912-ம் வருஷம் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது, பார்பர் துரையும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கடராமனும் அப்புல்லையே ஒரு பெற்றோராகக் கொண்டு, வெள்ளை என்னும் தடித்த கரும்போடு கலந்தனர். அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் ரகம் 1918-ல் பஞ்சாபிற்கு அளிக்கப்பட்டது. குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை பேய்க்கரும்பிலிருந்து வந்தது. இன்று இந்தியாவில் பயிராகும் கோ ரகங்களில் மிகப் பலவற்றில் அவ்வோடைப் புல்லின் இரத்தம் கலந்திருக்கிறது.

நெல்லுக்கும் அவ்வாறே. புகையான் பூச்சி பரப்பும் புல்தழைக் குட்டை நோய் தென்கிழக்காசிய நாடுகளில் பரவியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தனர். நோயை எதிர்க்கும் குணம் அவற்றுள் ஒன்றில்தான் கிடைத்தது. அது ஐக்கிய மாகாணமென்று முன் வழங்கிய உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட காட்டு நெல். தாவர நூலார் அதை ஓரைசா நிவாரா என்பர். நம் பக்கத்துக் குடியானவர் கண்ணில் பட்டால் களை என்று பிடுங்கி எறியத்தக்கது. அதன் குணத்தை ஏற்றுப் பிறந்த ஐ.ஆர். 36 என்னும் ரகம் 1976-ல் வெளிவந்து, பல தேசங்களில் கோடிக்கணக்கான ஏக்கரில் பயிராயிற்று. யாரோ ஒருவர் அக்கைப்பிடி விதையைச் சேகரித்து, எங்கே எடுத்தது என்று எழுதி வைத்ததால் வந்த பலன் இது.

இனி மலைப்பிரயாணத்துக்கு வருவோம். அக்காலத்து மதுரை ஜில்லாவின் மலைகளில் செடி தேடிச் சென்றவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ராபர்ட் வைட் என்பார். இவர் 1796-ல் ஸ்காத்லாந்தில் பிறந்தவர். 1819-ல் கம்பெனியின் வைத்தியராக மதராஸ் வந்தார். வைத்தியத்தைக் காட்டிலும் செடிகளிலேயே அவர் மனம் சென்றது. 1836-ல் பழனிமலைகளுக்குச் சென்று, தாம் கண்டவற்றை மறுவருஷம் மதராஸிலிருந்து வெளிவந்த ஒரு சஞ்சிகையில் எழுதினார். அம்மலைகளை அவர் வராககிரி என்ற பெயராலும் குறிக்கிறார். பெரியகுளத்தின் வழியே ஓடும் வராகநதியின் பெயரை அறிந்தோர்க்கு அது புதிதாகப் படாது. பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அமெரிக்கப் பருத்தியைப் பயிர்செய்யும் முயற்சிக்கு அவரே தலைவராயிருந்தமையால், நம் பயிர்த்தொழிலோடும் அவருக்குச் சம்பந்தம் உண்டு.

அவர் தனித்துச் செய்த வேலையன்று இது. காட்டில் ஏறி இறங்கிச் செடி கொணர்ந்தவர்கள் நம் நாட்டு ஆட்கள். அவற்றைப் பார்த்துச் சித்திரம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு நாட்டுச் சித்திரக்காரர்கள். 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்த வைட்டின் பெருநூலில் 2,000-க்கு மேற்பட்ட சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் சித்திரக்காரர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்தூயியா என்று பெயரிட்டு அவரைக் கௌரவப்படுத்தியதும் உண்டு. இக்கௌரவம் காடேறிய ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஊரும் பெயரும் பெரும்பாலும் எழுதப்படாமலே போயின. அவர்கள் அச்செடிகளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பனவும் அவர்களோடு போயின. இது பெரும் நஷ்டமேயாம்.

இன்னொரு குறையும் நேர்ந்தது. வைட் சேகரித்த உலர்ந்த செடிகளின் பிரதிகள் 1866-67-ல் இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்திலிருந்து பல தேசங்களின் காட்சிசாலைகளுக்குப் பங்கிட்டு அனுப்பப்பட்டன. அவற்றோடு ஒட்டப்பட்ட அச்சுச் சீட்டில் இடம் என்று காணப்படுவது “இந்தியத் தீபகற்பம்” என்பது மாத்திரமே. குற்றாலத்தில் எடுத்ததா, நீலகிரியில் எடுத்ததா, வராககிரியில் எடுத்ததா என்று அச்சீட்டைக்கொண்டு சொல்லுதல் இயலாது. ஒரு குடியானவர் தம் நிலத்துக்குப் பட்டா கேட்கும்போது “மதராஸ் ராஜதானியில் ஒரு நிலம்” என்று மனு எழுதினால் எப்படியோ, அப்படியே இதுவும்.

இதற்கு நேர்மாறாக மற்றொருவர் செய்ததைப் பார்க்கலாம். ஜோசப் ஹூக்கர் என்னும் தாவர சாஸ்திரி 1848 முதல் 1850 வரை இமயமலையில் சிக்கிம் தேசத்துப் பள்ளத்தாக்குகளில் திரிந்தார். 1849-ல் லாச்சேன், லாச்சுங் என்னும் காடடர்ந்த பள்ளத்தாக்குகளின் வழியே திபேத்து எல்லைவரை ஏறினார். மழை, அட்டைக்கடி, காகிதம் உலராமை ஆகிய எல்லாவற்றோடும் போராடினார். அவ்வருஷக் கடைசியில் அத்தேசத்துத் திவானால் சிறைப்படுத்தவும் பட்டார். இருந்தும் அவர் சேகரத்தைச் சேர்ந்த சீட்டுகளில் தேசம், சீதோஷ்ண மண்டலம், உயரம் இத்தனை அடி முதல் இத்தனை அடிவரை என்பவற்றுக்கெல்லாம் இடம் வகுக்கப்பட்டிருக்கும். உயரம் ஏறுந்தோறும் செடிகள் எவ்வாறு மாறுகின்றன என்று பிற்காலத்தார் ஒழுங்காக ஆராய்வதற்கு அவ்வெண்கள் ஆதாரமாயின.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் காண இமயமலைக்குப் போகவேண்டியதில்லை. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு நடந்தால் போதும். மோட்டார் சாலை ஏற்படுமுன் அம்மலைக்குச் சென்றவர்களில் அநேகர் இப்பக்கத்து நடைபாதையிலேயே ஏறினர். 1821-ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு தங்கிய வெள்ளகவி என்னும் சிற்றூர் இப்பாதையில்தான் இருக்கிறது. பெரியகுளம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 அடி; கொடைக்கானல் 7,000 அடி. ஒரு நாள் நடையில் 6,000 அடி ஏறுகிறோம். அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னையும் புளியும். அவற்றைக் கடந்தால் உசிலையும் வேலமும் கள்ளியும் நிறைந்த முட்காடு. கும்பக்கரை அருவிக்கு மேல் வேங்கை, கடுக்காய், தான்றி, நெல்லி முதலிய இலையுதிர் மரங்களும் மூங்கிலும் வரும். அதற்கும் மேலே காப்பியும், ஆரஞ்சும், மிளகுக் கொடியும், மலைவாழையும். 6,000 அடிக்கு மேல் காட்சி முற்றும் மாறுகிறது. மடுக்களில் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலை, மேடுகளில் புல்வெளி. மரத்தண்டுகளில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் படர்ந்திருக்கும்.

இவ்வுச்சியில், சிவந்த பூங்கொத்துகளுடன் ரோடோடெண்ட்ரான் என்னும் மரம் நிற்கிறது. காட்டுப்பூவரசு என்றும் இதைச் சொல்வர். ஹூக்கர் சிக்கிமில் கண்டு வியந்து தனி நூலே எழுதிய கூட்டத்தைச் சேர்ந்தது இது. இமயத்திலும் இருக்கிறது, நீலகிரி, பழனிமலை உச்சிகளிலும் இருக்கிறது, நடுவிலுள்ள வெப்பமான சமவெளிகளில் கிடையாது. அதை வெறுமே “தென்னிந்தியா” என்று குறித்து வைத்தால் படிப்பவர் யாது அறிவார்? “பழனிமலை, 7,000 அடி” என்று குறித்தால், இது குளிர்ந்த மலைக்குரிய மரம் என்பது அப்பொழுதே விளங்கும். ஏலக்காய், மிளகு, காப்பி பயிர்செய்வோர் உயரத்தின் பயனை ஏற்கெனவே அறிவர். 1,000 அடி வித்தியாசத்தில் ஒரே நாற்று வேறு விதமாக நடந்துகொள்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இம்மலைகளின் செடிகளை வைட்டுக்குப் பின்னும் பலர் ஆராய்ந்தனர். பைசன் என்பவர் 1915 முதல் 1920 வரை நீலகிரி, பழனிமலை உச்சிகளின் செடிகளைப்பற்றி மூன்று பாகங்கள் வெளியிட்டார். செண்பகனூரில் ஆங்கிலாத் பாதிரியார் நூற்றுக்கணக்கான செடிகளைப் பார்த்து வர்ணச் சித்திரம் தீட்டினார். திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்செடிச் சாலையை நிறுவிய மாத்யூ பாதிரியார் 1999-ல் பழனிமலைச் செடிகளைப்பற்றிய பெருநூலை வெளியிட்டார். இவற்றால் நம் அறிவு பெருகியது உண்மையே. மலையோ அதற்குள் மாறிவிட்டது. உச்சிப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, தைலமரம், பைன் தோட்டங்களாயிற்று. 2006-லும் 2018-லும் பூத்து, மறுபடி 2030-ல் பூக்கவிருக்கும் குறிஞ்சிக்கு நிற்க இடம் சுருங்குகிறது. ருத்திராட்ச இனத்தைச் சேர்ந்த எலியோகார்ப்பஸ் பிளாஸ்காய் என்னும் மரம், கொடைக்கானல் சோலையில் எடுத்த மாதிரியைக்கொண்டு 1972-ல் பெயரிடப்பட்டது. பின்னர் அது அழிந்ததென்றே எண்ணப்பட்டு, தேடிப்பார்த்தபோது ஒற்றை மரமாக அகப்பட்டது. எங்கே தேடவேண்டும் என்று முந்தைய சீட்டு சொன்னமையால்தான் தேடவும் முடிந்தது.

சீட்டின் வல்லமைக்கு இப்பள்ளத்தாக்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அது செடியன்று, வௌவால். பச்சைக்கூமாச்சி என்று முன்னோர் வழங்கிய மேகமலையில், 1948-ம் வருஷம் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பழம் தின்னும் வௌவால் ஒன்றைப் பிடித்துப் பதம் செய்தார். அது பம்பாய் இயற்கைச் சரித்திர சங்கத்தின் சேகரத்தில், சாதாரண வௌவால் என்று தவறாகக் கருதப்பட்டு, 24 வருஷம் பெட்டியில் கிடந்தது. 1972-ல் சயாம் தேசத்து நிபுணர் ஒருவர் அதை எடுத்துப் பரிசோதித்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத புதிய இனம் என்று கண்டு, பறவை நிபுணர் சாலிம் அலியின் பெயரை இட்டார். பிடித்த இடமும் காலமும் எழுதப்பட்டிருந்தபடியால், 1993-ல் ஆராய்ச்சியாளர் அதே மலைக்கு வந்து அவ்வௌவாலை மறுபடியும் கண்டனர். பெயர் தவறாயிருந்தும் கெடுதி நேரவில்லை. இடம் தவறாயிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். செடி சேகரிக்கும் குடியானவர் இதை மனத்திற் கொள்ளவேண்டும். பெயர் தெரியாதே என்று தயங்கவேண்டாம். பெயரைப் பிறர் கண்டுபிடிப்பர். இடத்தை எழுதத்தக்கவர் எடுத்தவர் ஒருவரே.

நிலமுடையோர் எவற்றைச் சேகரிக்கலாம்? காட்டுக்குள் செல்லவேண்டியதில்லை; செல்லவும் கூடாது. மேகமலை வனவிலங்கு சரணாலயமாக்கப்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. வன இலாகாவின் உத்தரவின்றி அங்கே ஒரு கிளையை ஒடிப்பதும் குற்றம். தம் வரப்பு, வேலி, கிணற்றடி, தோப்பு இவையே குடியானவரின் காடு. நெல் வயலில் தானாக முளைத்து, மணி முற்றுமுன் உதிரும் நெல். வாடல் நோயால் அண்டைக் கொடிகளெல்லாம் மடிந்தபின்னும் பசுமையாய் நிற்கும் ஒரு மிளகுக் கொடி. மாடு மேய்ந்தபின் நோயுற்ற இடத்திலுள்ள செடி. சென்ற வருஷம் இல்லாது இவ்வருஷம் புதிதாய்க் கிளம்பிய களை — இவற்றில் ஒன்றையும் விடலாகாது.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. இடுக்கி மலையில் ஒரு குடியானவர் தம் தோட்டத்து ஏலச் செடிகளில் சில தூர்கள் மற்றவற்றினும் மிகுந்து காய்ப்பதைக் கவனித்து, அவற்றையே பிரித்துப் பெருக்கினார். ஞள்ளானி என்ற அந்த ரகமே இன்று போடிநாயக்கனூர் ஏலச்சந்தைக்கு வரும் காய்களில் பெரும்பகுதி. வேலியோரத்துச் செங்காந்தளோ, ஒரு காலத்தில் விஷச்செடியென்று ஒதுக்கப்பட்டது. அதன் விதையிலிருந்து மருந்து எடுக்கத் தொடங்கியபின், திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் பந்தலிட்டுப் பயிராக்குகிறார்கள். குடியானவர் பேணிவந்த ரகத்தை அவர் பெயரிலேயே பதிவுசெய்துகொள்ள 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. எங்கே, எப்போது, யாரிடமிருந்து அந்த விதை வந்தது என்ற குறிப்பு கையிலிருந்தால் அவ்விண்ணப்பம் வலுப்பெறும். வாய்ச்சொல் மாத்திரம் போதாது.

செடியை எடுக்கும் முறை எளிது. மழை பெய்யாத நாளில், பனி உலர்ந்தபின் எடுக்கவேண்டும். சிறு செடியாயின் வேரோடு. மரமாயின் இலையும் பூவும் காயும் உள்ள ஒரு முழ நீளக் கிளை. பூவோ காயோ இல்லாத இலையைப் பார்த்துப் பெயர் சொல்வது நிபுணர்க்கும் கடினம். மண்ணை அலம்பி, ஈரம் துடைத்து, மடித்த பத்திரிகைத் தாளுக்குள் இலைகளைப் பரப்பி வைக்கவேண்டும். ஓர் இலையாவது அடிப்புறம் மேலே தெரியும்படி இருத்தல் நலம். நீண்ட புல்லை முறித்து எகர எழுத்துப்போல் மடித்துக்கொள்ளலாம். இத்தாள்களை இரண்டு பலகைகளுக்கிடையே அடுக்கி, மேலே கல் பாரம் ஏற்றி, முதல் மூன்று நாள் தினந்தோறும் தாளை மாற்றவேண்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால், கம்பம் பள்ளத்தாக்கின் கோடை வெயிற்காலத்தில் ஒரு வாரத்திற்குள் உலர்ந்துவிடும். ஐப்பசி மழையில் இருமடங்கு காலமாகும். தாளை மாற்றச் சோம்பினால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். சேகரங்கள் வீணாவதற்குப் பெரும்பாலும் இச்சோம்பலே காரணம். விஷச்செடியென்று ஐயமிருந்தால் கையை நன்றாய்க் கழுவுதல் அவசியம். குழந்தைகளைக்கொண்டு எடுக்கச் செய்தல் ஆகாது.

குறிப்புச் சீட்டைச் செடி எடுத்த இடத்திலேயே நின்று எழுதவேண்டும். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதுவது கூடாது. முதலில் வரிசை எண். பிறகு தேதி, கிராமம், தாலூகா, ஸர்வே நம்பர், உயரம். நிலம் நஞ்சையா, புஞ்சையா, கண்மாய் உட்கரையா, தோப்பு நிழலா என்பது அடுத்து. பூவின் நிறத்தை மறவாமல் எழுதவேண்டும். உலர்ந்தால் நிறம் மாறிப்போகும். ஊரார் வழங்கும் பெயரையும், அப்பெயரைச் சொன்னவர் யார் என்பதையும், கால்நடை அதைத் தின்னுமா என்பதையும் சேர்க்கவேண்டும். ஊர்ப்பெயர் மிகவும் வேண்டப்படுவதே. ஆயினும் அதை மாத்திரம் நம்பலாகாது. செங்காந்தளே ஓரூரில் கண்வலிக்கிழங்கு, வேறோரூரில் கலப்பைக்கிழங்கு, பிறிதோரிடத்தில் கார்த்திகைப்பூ. ஆவாரை, பொன்னாவாரை, பேயாவாரை என்பனவோ பெயரில் ஒட்டியிருப்பினும் வெவ்வேறு செடிகள்.

ஸர்வே நம்பரைப்பற்றிக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. தாவர சாஸ்திரிகள் எத்தனையோ கருவிகளைக்கொண்டு இடத்தைக் குறிக்க முயன்றிருக்கிறார்கள். நம் நாட்டுக் கிராமக் கணக்கிலோ ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண்ணும் எல்லையும் படமும் ஏற்கெனவே இருக்கின்றன. இதைவிடத் துல்லியமான இடக்குறிப்பு மற்றத் தேசத்துச் சேகரக்காரர்களுக்குக் கிட்டுவது அரிது. அடங்கலில் “தரிசு”, “முட்புதர்” என்று எழுதி முடிக்கும் இடங்களில்தான் காட்டுநெல்லும் பேய்க்கரும்பும் நிற்கின்றன. முன்னாளில் கர்ணமும் மணியகாரரும் அறிந்திருந்த செடிப்பெயர்கள் அவர்களோடு மறைந்துவருகின்றன. இன்றைய கிராம நிர்வாக அலுவலர், பயிராய்வுக்குப் புலம் செல்லும்போது ஊரின் முதியோர் இருவரை உடன் அழைத்துச் சென்று, புறம்போக்கில் நிற்கும் செடிகளின் பெயரைத் தனி ஏட்டில் எண்வாரியாகக் குறித்து வைத்தால், அவ்வேட்டுக்கு நிகரான நூல் எந்தச் சாலையிலும் கிடையாது. மறு அளவையில் எண்கள் மாறுவதுண்டாகையால், எந்த வருஷத்துக் கணக்கின்படி என்பதையும் எழுதவேண்டும். கையடக்கத் தொலைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உலர்ந்த செடிகளைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வு இலாகாவின் தென்மண்டல நிலையத்துக்கு அனுப்பிப் பெயர் கேட்கலாம். மதராஸ் உலர்செடிச் சாலை என்னும் பழைய பெருஞ்சேகரம் அங்கேதான் இருக்கிறது. பயிரைப்பற்றிய சந்தேகமாயின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியைக் கேட்பது சமீபம். கால்நடை இறந்த விஷயமாயின் காத்திராமல், பச்சைச் செடியையே அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். எந்த மாதிரியையும் இரண்டாக எடுத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணையிட்டு, ஒன்றை அனுப்பி மற்றொன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். தாளை மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டி அனுப்புக. பதில் அந்த எண்ணைக் குறித்தே வரும்.